தீவின் கலங்கரை விளக்கத்தை வாசித்தறிவது எப்படி: மே தீவை முன்வைத்து

கலம் என்பது கப்பல். கரைதல் என்பது அழைத்தல். கப்பல்களைக் கூவி அழைக்கும் விளக்கு என்று தன் தொழிலைத் தன் பெயரிலேயே சொல்லிக்கொண்டு நிற்பது கலங்கரை விளக்கம். ஆயினும் பெருநிலத்தின் கரையில் நிற்கும் விளக்கத்துக்கும் தீவில் நிற்கும் விளக்கத்துக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. கரை விளக்கம் நள்ளிரவில் பழுதானால் அடுத்த ஊரிலிருந்து ஓர் ஆள் வந்து சேர்ந்துவிடலாம். தீவு விளக்கத்துக்கோ, கடல் கொந்தளிக்கும் இரவில், அதாவது அதன் ஒளி மிகவும் வேண்டியிருக்கும் அதே இரவில், யாரும் வர முடியாது. அதன் சுவர், படிக்கட்டு, ஒளியைக் குவிக்கும் வில்லை, எண்ணெய்க் கிடங்கு, காவலர் குடியிருப்பு ஆகிய ஒவ்வொன்றும் இந்த நெருக்கடிக்கு யாரோ ஒருவர் கண்ட விடையே. இதை மனத்தில் இருத்திக்கொண்டு பார்க்கப் பழகினால், ஒரு விளக்கத்தின் வரலாற்றையும் அது இயங்கும் விதத்தையும் வழிகாட்டியின் துணையின்றி நீங்களே வாசித்துவிடலாம்.

இங்கே எடுத்துக்காட்டாக ஸ்காட்லாந்தின் கிழக்கில், ஃபோர்த் முகத்துவாரத்தின் வாயிலில் இருக்கும் மே தீவை வைத்துக்கொள்கிறேன். 1636இல் எழுந்த நிலக்கரித் தீபக் கோபுரத்தின் எச்சம், 1816இல் ஒளியேற்றப்பட்ட விளக்கம், 1844இல் சேர்க்கப்பட்ட சிறிய தாழ்விளக்கம் ஆகிய மூன்றையும் அந்தச் சிறு தீவில் நடந்தே பார்த்துவிடலாம். இத்தனை தலைமுறை விளக்குகள் இவ்வளவு நெருக்கமாக நிற்கும் இடங்கள் அரிது என்பதால்தான் அதைத் தேர்ந்தேன். முறை எந்தத் தீவுக்கும் பொருந்தும்.

முதலில் இரவில், எதிர்க்கரையிலிருந்து

தீவுக்குப் படகேறுமுன் ஓர் இரவு எதிர்க்கரையில் நின்று விளக்கைப் பாருங்கள். வினாடிமுள் உள்ள கைக்கடிகாரமும் ஒரு குறிப்பேடும் போதும். ஒளி எத்தனை முறை சிமிட்டுகிறது, பிறகு எவ்வளவு நேரம் இருண்டிருக்கிறது என்று கவனியுங்கள். ஒரு கூட்டத்தின் முதல் சிமிட்டல் தொடங்கும் கணத்திலிருந்து அடுத்த கூட்டத்தின் முதல் சிமிட்டல் தொடங்கும் கணம் வரை உள்ள நேரமே அந்த விளக்கின் காலவட்டம். ஒரே ஒரு வட்டத்தை அளந்தால் கையும் கண்ணும் செய்யும் பிழை அப்படியே கணக்கில் ஏறிவிடும். ஆகவே பத்து வட்டங்களைத் தொடர்ந்து அளந்து, வந்த நேரத்தைப் பத்தால் வகுங்கள். வாயால் "ஒன்று, இரண்டு" என்று எண்ணுவதை நம்ப வேண்டாம். இருட்டில் காத்திருக்கும் மனம் எப்போதும் அவசரமாகவே எண்ணும்.

அளந்ததை அந்தப் பகுதியின் கடல் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மே தீவின் ஒளி 15 வினாடிக்கு ஒருமுறை இரட்டையாகச் சிமிட்டும் வெள்ளொளி. வரைபடத்தில் இது சிமிட்டலைக் குறிக்கும் எஃப்எல் என்ற சுருக்கமாகவும், அடுத்து அடைப்புக்குள் 2 என்ற எண்ணாகவும், பின்னர் 15 எஸ், 73 எம் என்றும் தொடரும். எஸ் வினாடி, சிறிய எழுத்தில் வரும் எம் மீட்டரில் உயரம். அதற்கும் பின்னால் பெரிய எழுத்தில் ஓர் எம் வந்தால் அது கடல் மைல் கணக்கில் ஒளி எட்டும் தூரம். இந்த இரண்டு எம்களையும் குழப்பிக்கொள்ளாதவர் வரைபடத்தின் பாதியைப் படித்தவர் ஆகிவிடுகிறார். இருளைவிட ஒளி குறைவாக இருந்தால் அது சிமிட்டும் விளக்கு. ஒளி நீண்டு இருள் இடையில் வந்து போனால் மறையும் விளக்கு. இரண்டும் சமமானால் சமவொளி விளக்கு.

இந்த வேறுபாடுகள் எதற்கு என்பதற்கு மே தீவின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1636 முதல் அங்கே எரிந்தது கோபுரத்தின் உச்சியில் இரும்புக் கூடையில் இட்ட நிலக்கரி நெருப்பு. நெருப்புக்கு முகம் கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் எந்த நெருப்பும் எந்த நெருப்பைப் போலவும் தெரியும். 1810 டிசம்பர் 18ஆம் நாள் இரவு பிரிட்டிஷ் கடற்படையின் நிம்ஃப், பாலஸ் என்னும் இரு போர்க்கப்பல்கள் டன்பார் அருகே கரை தட்டி உடைந்தன. கரையில் எரிந்துகொண்டிருந்த சுண்ணாம்புக் காளவாயின் நெருப்பை மே தீவின் தீபம் என்று எண்ணியதே காரணம். சில வாரங்கள் கழித்து, 1811 பிப்ரவரி 1 அன்று, அதே கடற்பகுதியில் பெல் ராக் விளக்கம் ஏற்றப்பட்டபோது அது சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி ஒளிர்ந்தது. எந்தக் காளவாயும் அப்படி எரியாது. நீங்கள் கரையில் நின்று எண்ணிய அந்த இரட்டைச் சிமிட்டல், காலப்போக்கில் விளக்குக்குக் கிடைத்த முகம்.

இன்னொன்றையும் அதே இரவில் கவனியுங்கள். ஒளி மெல்லப் பெருகி, உச்சத்தில் ஒரு கணம் கூசச் செய்து, மெல்லத் தேய்ந்தால் உள்ளே வில்லை சுழல்கிறது என்று பொருள். ஒளிக்கதிர் துடைப்பத்தைப்போல உங்களைக் கடந்து போகிறது. சட்டென்று தோன்றிச் சட்டென்று மறைந்தால் வில்லை அசையவில்லை. விளக்கையே அணைத்து ஏற்றுகிறார்கள். இன்றைய எல்இடி விளக்குகள் பலவும் இந்த இரண்டாம் வகை. கோபுரத்துக்குள் காலடி வைக்காமலே அதன் உச்சியில் நடப்பதை இப்படி ஊகித்துவிட முடிகிறது.

எவ்வளவு தூரம் எட்டும்

பூமி வளைந்திருப்பதால் எவ்வளவு வலிமையான ஒளியும் ஓர் எல்லைக்கு அப்பால் அடிவானத்தின் கீழே போய்விடும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்க எளிய கணக்கு உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஒளியின் உயரம், உங்கள் கண்ணின் உயரம் ஆகிய இரண்டையும் மீட்டரில் எடுத்துக்கொண்டு, இரண்டின் வர்க்கமூலங்களைக் கூட்டி, 2.08ஆல் பெருக்குங்கள், கடல் மைலில் விடை வரும். மே தீவின் ஒளி 73 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வர்க்கமூலம் 8.54. உங்கள் கண் 4 மீட்டர் உயரத்தில் இருந்தால் வர்க்கமூலம் 2. இரண்டையும் கூட்டிப் பெருக்கினால் ஏறத்தாழ 22 கடல் மைல், அதாவது சுமார் 40 கிலோமீட்டர்.

இங்கே உயரம் என்பது கோபுரத்தின் உயரம் அன்று. மே தீவின் கோபுரம் 24 மீட்டர்தான். மீதி உயரத்தைத் தீவின் மேடு கொடுத்துவிடுகிறது. உயரம் கூடக் கூட நல்லதே என்று தோன்றும். ஆனால் மேகமும் மூடுபனியும் அதற்கு உடன்படுவதில்லை. இங்கிலாந்தின் தெற்கே உள்ள வைட் தீவின் மேற்கு முனையில், நீடில்ஸ் பாறைகளுக்கு மேலிருந்த செங்குத்துச் சரிவின் உச்சியில் 1786இல் ஒரு விளக்கத்தை வைத்தார்கள். 140 மீட்டருக்கும் மேலான அந்த உயரத்தில் அது பனியில் மறைந்து மறைந்து போனதால், 1859இல் கீழே கடலோரப் பாறையிலேயே புதியதொரு கோபுரம் கட்ட நேர்ந்தது. ஆகவே ஒரு தீவில் பழைய விளக்கம் உச்சியிலும் புதிய விளக்கம் தாழ்விலும் இருக்கக் கண்டால், காரணத்தை முதலில் பனியிடம் தேடுங்கள்.

கோபுரத்தைச் சுற்றி ஒரு நடை

பகலில் தீவுக்குச் சென்றதும் உடனே படியேறிவிடாமல் கோபுரத்தை வெளியே ஒருமுறை சுற்றி வாருங்கள். அடிப்பகுதி அகன்று, மேலே செல்லச் செல்ல வளைந்து ஒடுங்கினால், அலை நேரடியாக மோதும் இடத்துக்காகக் கட்டப்பட்டது அது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கடலில் உள்ள எடிஸ்டோன் பாறையில் 1759இல் ஜான் ஸ்மீட்டன் எழுப்பிய கோபுரத்தில், கல்லோடு கல் புறாவின் வால் வடிவப் பொருத்துகளால் கோக்கப்பட்டு, அடிமரம்போல அகன்ற அடித்தளத்தோடு இந்த வடிவம் நிலைபெற்றது. ஓதம் ஏறினால் முற்றிலும் மூழ்கிவிடும் பாறையில் ராபர்ட் ஸ்டீவன்சன் பொறியாளராக இருந்து கட்டிய 35 மீட்டர் உயரப் பெல் ராக் கோபுரமும் அந்த வழியில் வந்ததே. அதே ஸ்டீவன்சன் மே தீவில் கட்டியதோ சிறிய கோட்டை போன்ற சதுரக் கட்டடம். நடுவில் கோபுரம் எழுகிறது. அலை எட்டாத மேட்டில் வளைவுக்குத் தேவையில்லை. ஒரே மனிதர், ஒரே கடல், ஐந்தாண்டு இடைவெளி. வடிவம் முழுவதும் மாறிவிட்டது. கட்டடக் கலைஞரின் விருப்பத்தைவிடக் கட்டிய இடமே வடிவத்தை முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

உள்ளே படியேறும்போது, படிக்கட்டின் நடுவில் செங்குத்தான குழாயோ வெற்றிடமோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், வில்லையைச் சுழற்றிய கடிகாரப் பொறியின் எடைக்கல் இறங்கிய வழி அது. எடை இறங்க இறங்கப் பல்சக்கரங்கள் சுழலும். அடியைத் தொடுவதற்குள் காவலர் கைப்பிடியைச் சுற்றி அதை மீண்டும் உச்சிக்கு ஏற்ற வேண்டும். இரவு முழுவதும் இது நடந்தாக வேண்டும். ஆகவே உறங்காத ஒருவர் எப்போதும் மேலே இருந்தார். அவரை மாற்ற இன்னொருவர், ஒருவர் நோயுற்றால் மூன்றாமவர். தீவில் காவலர் குடியிருப்புகளின் எண்ணிக்கையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

விளக்கறையில்

விளக்கறையை எட்டியதும் முதலில் வெளிக் கண்ணாடிகளின் சட்டங்களைப் பாருங்கள். பல கோபுரங்களில் அவை நேராக நிற்காமல் சாய்ந்து, வைரக் கட்டங்களாகப் பின்னியிருக்கும். சட்டம் நேராக நின்றால் அந்தத் திசையில் இருக்கும் கப்பலுக்கு ஒளியில் பெரும்பகுதி மறைந்துவிடும். சாய்ந்து நின்றால் எந்தத் திசையிலும் ஒரு சிறு பங்குதான் மறையும். இப்படிப்பட்ட நுட்பங்களை நிதானமாகப் பார்ப்பவருக்கே விளக்கறை பேசும்.

நடுவில் நிற்பது வில்லை. பிரான்சின் ஆகுஸ்தன் ஃபிரெனெல் உருவாக்கிய இந்த வகை, 1823இல் கோர்துவான் விளக்கத்தில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அதற்கு முன்பு விளக்குக்குப் பின்னால் வெள்ளி பூசிய ஆடிகளை வைத்து ஒளியை முன்னால் திருப்பினார்கள்; ஆடி ஒளியில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஒரே பெரிய வில்லையைச் செய்தாலோ அதன் தடிமனும் எடையும் தாங்காது. வில்லையின் வேலையைச் செய்வது அதன் வளைந்த மேற்பரப்புதான், உள்ளிருக்கும் கண்ணாடித் திண்மம் அன்று என்பதை உணர்ந்து, தேவையற்ற திண்மத்தை நீக்கி, மேற்பரப்பை மட்டும் வளையம் வளையமாக அடுக்கியதே ஃபிரெனெலின் சாதனை. நடுவில் இருக்கும் வட்டக் கண்ணும் அதைச் சூழ்ந்த வளையங்களும் ஒளியை வளைத்துக் கிடைமட்டக் கற்றையாக்குகின்றன. மேலும் கீழும் உள்ள முக்கோணப் பட்டகங்கள், வானுக்கும் தரைக்கும் வீணாகப் போகவிருந்த ஒளியைத் தமக்குள் பிரதிபலித்துக் கடலை நோக்கித் திருப்பிவிடுகின்றன.

அருகில் சென்று, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு பட்டகத்தின் விளிம்பை உற்றுப் பாருங்கள். பித்தளைச் சட்டத்தில் மக்கு வைத்துப் பதித்த கோடு தெரியும். சில விளிம்புகளில் நகக்கண் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருக்கும். பட்டகத்துக்குள் வானவில்லின் ஒரு கீற்று நீங்கள் அசையும்போதெல்லாம் கூடவே அசையும். சற்றுப் பின்வாங்கி வட்டக் கண்ணின் வழியே பார்த்தால் கடல் மேலேயும் வானம் கீழேயுமாகத் தொங்கும். விரலால் தொட வேண்டாம். கைரேகையின் எண்ணெய்ப் பசையும் ஒளியைச் சிதறடிக்கும் என்பதால்தான் காவலர்கள் பகல் முழுவதும் இதைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு வட்டக் கண்களை எண்ணுங்கள். ஒவ்வொரு கண்ணும் ஒரு கற்றை. ஒவ்வொரு கற்றையும் கடலில் இருப்பவருக்கு ஒரு சிமிட்டல். எட்டுக் கண்கள் இரண்டிரண்டாக நெருங்கி நான்கு இணைகளாக நின்று, வில்லை நிமிடத்துக்கு ஒருமுறை சுழன்றால், 15 வினாடிக்கு ஒருமுறை இரட்டைச் சிமிட்டல் கிடைக்கும். கண்களின் அமைப்பு ஒன்றாகவும் வரைபடத்தில் உள்ள குறியீடு வேறாகவும் இருந்தால், விளக்கின் முகம் ஒரு காலத்தில் மாற்றப்பட்டிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். வில்லையின் அளவையும் குறியுங்கள்: சுடருக்கும் வில்லைக்கும் இடையே 920 மில்லிமீட்டர் இருந்தால் முதல் தரம், 500 என்றால் மூன்றாம் தரம், 250 என்றால் நான்காம் தரம். பெருங்கடலைக் காக்கும் விளக்குக்கு முதல் தரமும் சிறு துறைமுகத்துக்குக் கடைசித் தரங்களும் கிடைத்தன.

டன் கணக்கில் எடையுள்ள கண்ணாடியை ஓர் எடைக்கல் எப்படிச் சுழற்றியது? தொடக்கத்தில் உருளைகளின் மேல் மெதுவாகத்தான் சுழற்ற முடிந்தது. 1890களில் வளையத் தொட்டியில் பாதரசத்தை நிரப்பி, அதன்மேல் வில்லையை மிதக்கவிடும் முறை பிரான்சிலிருந்து பரவியது. மிதக்கும் வில்லையை ஒரு விரலால் தள்ளிவிடலாம். ஆனால் பாதரச ஆவி நஞ்சு. அந்தத் தொட்டியின் அருகில் ஆண்டுக்கணக்கில் மூடிய அறையில் மூச்சு விட்டவர்களை நினைக்காமல் அந்த அழகை நான் பார்ப்பதில்லை. பாதரசத் தொட்டி உள்ள விளக்கறையில் காற்றோட்டம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே உள்ளே செல்லுங்கள். தொட்டியின் அருகே குனியாதீர்கள். குழந்தைகளை அதன் பக்கம் விடாதீர்கள்.

பகலில் திரைகள் மூடியிருந்தால் அவற்றை விலக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். சுடரின் ஒளியைக் கற்றையாக்கும் அதே வில்லை, வெளியிலிருந்து வரும் வெயிலை நடுவில் குவித்து விளக்கையே எரித்துவிடும்.

சுடரின் கதை

வில்லையின் நடுவில் இன்று இருப்பது எதுவாயினும், அதற்கு முன் அங்கே எது எரிந்தது என்று கேளுங்கள். தீவின் வரலாறு பெரும்பாலும் எரிபொருளைக் கொண்டு வந்து சேர்த்த வரலாறு. மே தீவின் நிலக்கரித் தீபத்துக்கு ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான டன் கரியைப் படகில் இறக்கி, மேட்டுக்குச் சுமந்து, கோபுர உச்சிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. காற்று வலுத்தால் கரி வேகமாக எரிந்து தீரும். மழை பெய்தால் புகையே மிஞ்சும். சாம்பல் கோபுரத்தின் அடியிலேயே குவிந்து கனன்றது. 1791 ஜனவரியில் அந்தக் குவியலின் நச்சுப்புகை குடியிருப்புக்குள் புகுந்து காவலரும் அவர் மனைவியும் பிள்ளைகள் ஐவரும் மாண்டனர். ஒரு கைக்குழந்தை மட்டும் உயிரோடு மீட்கப்பட்டது. அந்தப் பழைய கோபுரத்தின் எஞ்சிய பகுதி இன்றும் நிற்கிறது. அதன் எதிரில் சற்று நேரம் நில்லுங்கள்.

கப்பல்களிடம் சுங்கம் வசூலிக்கும் உரிமையோடு தனியார் கையில் இருந்த தீவை, 1814இல் ஸ்காட்லாந்தின் விளக்கங்களைப் பராமரிக்கும் வடக்குக் கலங்கரை விளக்க வாரியம் 60,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. 1816 பிப்ரவரி 1 அன்று ஆடிகளோடு கூடிய எண்ணெய் விளக்குகள் ஏறின. 1836இல் ஃபிரெனெல் வகை வில்லை வந்தது. 1886இல் நடந்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அவ்வாண்டு டிசம்பரில் மே தீவு மின் விளக்குக்கு மாறியது. கரித்துண்டுகளுக்கிடையே பாயும் மின்வில்லின் ஒளி எண்ணெய்ச் சுடரை வெகுதூரம் விஞ்சியது. ஆனால் மின்சாரத்தைத் தீவிலேயே உண்டாக்க வேண்டியிருந்தது. நீராவி எந்திரம், மின்னாக்கி, நிலக்கரி, நன்னீர், கூடுதல் ஆட்கள் என்று செலவு பெருகியது. கடைசியில் 1924இல் மின்சாரத்தைக் கைவிட்டு, அழுத்தத்தில் ஆவியாக்கிய மண்ணெண்ணெயை வலைத்திரியில் எரிக்கும் விளக்குக்குத் திரும்பினார்கள். ஆர்தர் கிட்சன் 1901இல் உருவாக்கிய இந்த முறை நமக்குப் பழக்கமான பெட்ரோமாக்ஸ் விளக்கின் அதே தத்துவத்தில் இயங்குவது. பின்னோக்கிய அடி என்று இதைச் சொல்பவர்கள் தீவை மறந்து பேசுகிறார்கள். பழுதானால் அங்கிருப்பவரே சரிசெய்துவிடக்கூடிய விளக்கே தீவுக்கு மேலான விளக்கு.

ஆளே இல்லாமல் எரியும் விளக்குக்கு வழி செய்தவர்களில் முதன்மையானவர் சுவீடனின் குஸ்தாஃப் டாலென். ஒளியை உறிஞ்சும் கருந்தண்டு ஒன்றும் ஒளியைத் திருப்பிவிடும் மெருகிட்ட தண்டுகளும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதைப் பயன்படுத்தி, பகலில் அசெட்டிலின் வாயுவை அடைத்து இரவில் திறந்துவிடும் தடுக்கிதழை (வால்வை) அவர் அமைத்தார். 1912இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

சுற்றியுள்ள கட்டடங்கள்

மே தீவில் நன்னீர்க் குட்டையை ஒட்டிய பள்ளத்தில் இருக்கும் எந்திரக் கூடம் 1886இன் நினைவு. தீவின் வட, தென் முனைகளில் இருப்பவை மூடுபனி ஊதுகொம்புகளின் நிலையங்கள். ஒளி தோற்கும் இரவுகளில் அழுத்தப்பட்ட காற்று அங்கே குரல் கொடுத்தது. தாழ்விளக்கத்தைத் தனியாகப் பார்த்தால் விளங்காது. கடலில் இருப்பவருக்கு உயர்விளக்கும் தாழ்விளக்கும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும் நேர்கோடு, வடக்கிலுள்ள நார்த் கார் பாறையின் இருப்பைக் காட்டியது. 1887இல் அந்தப் பாறையருகே விளக்குக் கப்பல் நிறுத்தப்பட்டதும் தாழ்விளக்கின் பணி முடிந்தது. பின்னர் 1934இல் தொடங்கிய பறவை ஆய்வு நிலையத்துக்கு அது இருப்பிடமாயிற்று.

காவலர்களின் பதிவேடு பார்க்கக் கிடைத்தால் விளக்கு ஏற்றிய நேரம், அணைத்த நேரம், செலவான எண்ணெய், காற்றின் திசை ஆகிய பத்திகளில் விரல் வைத்து ஓர் இலையுதிர்கால மாதத்தை முழுவதும் படியுங்கள். எண்ணெயின் அளவு நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூடுவதில் இரவு நீள்வது தெரியும். 1989 மார்ச் 31க்குப் பிறகு மே தீவில் இப்படி எழுதக் காவலர் யாருமில்லை. விளக்கம் தானியங்கியானது, அதன் நலத்தை எடின்பரோவிலிருந்து கண்காணிக்கிறார்கள்.

மாலைப் படகில் கரைக்குத் திரும்பியதும் முதல் நாள் நின்ற அதே இடத்துக்குச் சென்று காத்திருங்கள். தீவு இருளில் கரைந்து, அதன் மேட்டில் முதல் இரட்டைச் சிமிட்டல் வந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள். பத்து வட்டங்கள் முடியும்போது 150 வினாடிகள் ஆகியிருக்கும்.